ஏர் மாடுகளை இழந்தவர் நடந்த வழி

கன்னியாகுமரி என்றதும் முக்கடல், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சூரிய உதயம் ஆகியவைதான் நினைவுக்கு வரும். கத்தோலிக்கர் என்றாலோ கடற்கரையும் கட்டுமரமும் வெள்ளை கோபுரத் தேவாலயங்களும். ஆனால் இந்த மாவட்டத்துக் கத்தோலிக்கர்களில் ஒரு பெரும் பகுதியினர் கடலுக்கே போகாதவர்கள். வயல், வாழைத் தோட்டம், ரப்பர், வீட்டுக்குப் பின்னால் கட்டிக் கிடக்கும் ஒரு பசு என்று வாழும் உள்நாட்டுக் குடும்பங்கள் அவர்கள். இந்த மண்ணிலிருந்து உலகம் அறிந்த ஒரு புனிதர் வந்தார். அவருடைய கதையும் கடலில் அல்ல, மாட்டுத் தொழுவத்தில்தான் தொடங்குகிறது.

அவர் புனித தேவசகாயம். இந்தியாவில் பிறந்த பொதுநிலையினரில், அதாவது குருவோ துறவியோ அல்லாத குடும்பஸ்தர்களில், புனிதர் பட்டம் பெற்ற முதல் மனிதர். அவர் பிறந்த நட்டாலத்தில் கிளம்பி, உயிர்விட்ட காற்றாடிமலை வரை ஒரே நாளில் போய்வந்துவிடலாம். அந்த வழி முழுக்க நாஞ்சில் நாட்டு விவசாயத்தின் கதையும் கூடவே வரும்.

நட்டாலம்: ஓட்டம் முடியும் ஊர்

மார்த்தாண்டம் பக்கத்தில் உள்ள சிறிய ஊர் நட்டாலம். கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. தென்னை, வாழை, மரச்சீனி, மேட்டில் ரப்பர். சிவராத்திரி சமயம் போனால் இந்த ஊர் வேறு முகம் காட்டும். காவி வேட்டி, கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று குரல் கொடுத்தபடி பக்தர்கள் ஓடி வருவார்கள். 12 சிவன் கோயில்களைத் தொட்டு ஓடும் சிவாலய ஓட்டம் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, நட்டாலத்தில்தான் முடிகிறது.

இந்த ஊரில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்தவர் நீலகண்டன். நிலமும் மாடும் உள்ள குடும்பம். தந்தை திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அர்ச்சகராக இருந்தவர் என்பார்கள். வளர்ந்ததும் நீலகண்டன் திருவிதாங்கூர் அரசில் பணியில் சேர்ந்தார். அப்போது மன்னர் மார்த்தாண்ட வர்மா, தலைநகரம் பத்மநாபபுரம். சிவாலய ஓட்டத்தின் 7-வது கோயிலான கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் அந்தப் பத்மநாபபுரத்தில்தான் இருக்கிறது. அவருடைய பெயரைத் தாங்கிய சாமி.

உதயகிரி: ஒரு கைதி சொன்ன கதை

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், புலியூர்க்குறிச்சியை ஒட்டி உதயகிரிக் கோட்டை. இன்று வனத்துறையின் பராமரிப்பில் மரங்கள் சூழ்ந்து கிடக்கிறது. பள்ளிக் குழந்தைகள் சுற்றுலா வருகிறார்கள். கோட்டைக்குள் கொஞ்சம் நடந்தால் கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயமும் அதற்குள் ஒரு கல்லறையும் இருக்கும். லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறித்த கல்லறை. உள்ளே இருப்பவர் டிலனாய்.

1741-ல் குளச்சலில் நடந்த போரில் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் வீழ்த்தியது. ஐரோப்பியக் கம்பெனிப் படை ஒன்று இந்திய அரசனிடம் மண்ணைக் கவ்விய போர் அது. அதில் பிடிபட்ட டிலனாயை மன்னர் சிறையிலேயே வைத்திருக்கவில்லை. தன் படைக்கே பயிற்சி தரச் சொன்னார். சில வருடங்களில் அவர் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். 1777-ல் இங்கேயே இறந்தார்.

அந்தக் கோட்டை வேலையில் டிலனாயோடு பழகியவர் நீலகண்டன். இருவரின் நட்பைப் பற்றி இந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. நீலகண்டன் வீட்டில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பயிர் பொய்த்தது. செய்யாத பரிகாரம் இல்லை. முகம் வாடித் திரிந்தவரிடம் டிலனாய் காரணம் கேட்டார். கேட்டுவிட்டு, விவிலியத்தில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபு யார்? ஒரு பெரிய பண்ணைக்காரர். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள் வைத்திருந்தவர். நல்லவர். ஒரே நாளில் எல்லாம் போகிறது. முதலில் வரும் கெட்ட செய்தியே மாடுகளைப் பற்றியதுதான். உழுதுகொண்டிருந்த மாடுகளைக் கொள்ளையர் ஓட்டிப் போய்விட்டார்கள் என்று ஒரு வேலையாள் ஓடி வந்து சொல்கிறான். அடுத்து ஆடுகள், பிறகு ஒட்டகங்கள், கடைசியில் பிள்ளைகள். ‘நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான்’ என்று நண்பர்கள் யோபுவிடம் வாதாடுகிறார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளையும் விட்டுக் கொடுக்கவில்லை.

மாடு செத்த வீட்டுக்காரர் ஒருவருக்கு இந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கஷ்டம் வந்தால் அது சாமி குத்தம், கர்மபலன், செய்வினை என்று ஊர் பேசும். ‘இழப்பு தண்டனையல்ல’ என்று முதல் முறையாக ஒருவர் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தை நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது.

வடக்கன்குளம்: ஒரு பெயர், ஒரு சுவர்

அரசுப் பணியில் இருப்பவருக்குத் திருவிதாங்கூருக்குள் ஞானஸ்நானம் கொடுப்பது எளிதல்ல. எல்லைக்கு அப்பால், ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டினால் வடக்கன்குளம். இன்று திருநெல்வேலி மாவட்டத்தில், காவல்கிணறு அருகே இருக்கிறது. அங்கே இருந்த இயேசு சபைக் குரு புத்தாரிக்கு டிலனாய் கடிதம் கொடுத்தனுப்பினார். 1745 மே 14 அன்று நீலகண்டன் ‘லாசர்’ ஆனார். ‘கடவுளின் உதவி’ என்று பொருள்படும் அந்தப் பெயரைத் தமிழாக்கியதுதான் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாள் தெரசா என்ற பெயர் பெற்றார், தமிழில் ஞானப்பூ.

திரும்பி வந்த தேவசகாயம் மதம் மாறியதோடு நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்தார், சேர்ந்து சாப்பிட்டார். 18-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் யார் யாருக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்றே கணக்கு இருந்தது. அவர்மேல் வந்த கோபத்தில் இதற்கும் பெரிய பங்கு உண்டு.

வடக்கன்குளத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கட்டப்பட்ட தேவாலயம் இரண்டாகப் பிரிந்த கால்சட்டை வடிவில் இருந்தது. ஒரு பக்கம் ஒரு சாதியினர், மறுபக்கம் இன்னொரு சாதியினர்; நடுவே சுவர். எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில்தான் இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது, இடித்தது நிலைத்தது. புனிதர் பட்டத்துக்கான நடைமுறையின்போது, தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை வத்திக்கான் எடுத்துவிட்டது. சுவர் விழுந்த பிறகும் மிச்சமிருந்த ஒரு செங்கல் என்று அதைச் சொல்லலாம்.

எருமை மேல் ஊர்வலம்

1749-ல் தேவசகாயம் கைதானார். மூன்று வருடம் சிறையும் சித்திரவதையும். கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். மாடுகளை இழந்ததில் தொடங்கிய ஒருவரின் கதையில் அவமானத்தின் வாகனமாகவும் ஒரு கால்நடையே வந்து நின்றது.

புலியூர்க்குறிச்சியில் ஒரு பாறை. தாகத்தால் தவித்த தேவசகாயம் ஜெபித்து முழங்கையால் இடித்தபோது தண்ணீர் ஊறியதாக நம்பிக்கை. பெயரே ‘முட்டிடிச்சான் பாறை’. சிறிய குழிதான். அதில் தண்ணீர் நிற்கிறது. வருகிறவர்கள் கொஞ்சம் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லாரும்தான்.

நாகர்கோவில் பக்கத்துப் பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்திருந்ததாகச் சொல்வார்கள். பார்க்க வந்த கூட்டம் பெருகியது. நோயாளிகளும் குழந்தை இல்லாதவர்களும் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார்கள். காவலர்களே மனம் இளகினார்கள் என்பது ஊர் நினைவு.

மரண தண்டனைக்கு மதமாற்றம்தான் காரணமா, அரசியல் காரணம் இருந்ததா என்பதில் வரலாற்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஊர் மக்களின் நினைவிலோ அந்தச் சந்தேகமே கிடையாது.

காற்றாடிமலை

ஆரல்வாய்மொழிக்கு வந்ததும் முதலில் வரவேற்பது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஓரிடத்தில் வழிவிடுகிறது. அந்த இடைவெளி வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் வரை ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுற்றுகின்றன. காற்றாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைக்குக் காற்றாடிமலை என்று பெயர்.

1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தை இங்கே கொண்டுவந்து சுட்டுக் கொன்றார்கள். அவர் மண்டியிட்டு ஜெபித்த இடம், அவர் இறந்தபோது மணிபோல ஒலித்ததாக நம்பப்படும் ‘மணியடிச்சான் பாறை’ இரண்டையும் பார்க்கலாம். சிறு கல்லால் பாறையைத் தட்டிப் பார்க்காத குழந்தையே இல்லை. தட்டினால் கணீரென்று கேட்கும்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். ஜனவரி 14 தேவசகாயத்தின் திருநாள். நமக்கு அது பொங்கலை ஒட்டிய நாள். அடுத்து மாட்டுப் பொங்கல். ஜனவரி 17 அன்று கால்நடைகளின் பாதுகாவலரான வனத்து அந்தோணியாரின் திருநாள். தமிழ்நாட்டில் கத்தோலிக்க விவசாயிகள் வாழும் பல ஊர்களில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, கோயில் முற்றத்துக்கு ஓட்டிவந்து மந்திரிப்பது வழக்கம். குருவானவர் தீர்த்தம் தெளிப்பார். மாடு தலையை உதறும், பிள்ளைகள் சிரிக்கும். நான்கே நாளில் மாட்டை இழந்த புனிதர், மாட்டுக்கு நன்றி சொல்லும் பண்டிகை, மாட்டைக் காக்கும் புனிதர் மூவரும் வந்து போகிறார்கள்.

கோட்டாறு: 400 ஆண்டு இடைவெளி

காட்டில் கிடந்த உடலின் எலும்புகளை எடுத்து வந்து, நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறை தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது. 1544-ல் புனித சவேரியார் இந்தப் பகுதியில் பணியாற்றினார். டிசம்பர் 3 அன்று நிறைவடையும் சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. 1930-ல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது இது பேராலயம் ஆனது. 2014-ல் அதிலிருந்து குழித்துறை மறைமாவட்டம் பிரிந்தது. நட்டாலம் இன்று குழித்துறையில், கல்லறை கோட்டாற்றில். இரண்டு மறைமாவட்டங்களுக்கும் சொந்தக்காரர் அவர்.

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனித பேதுரு சதுக்கத்தில் அன்று தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒலித்தது.

அந்த மே 15-க்கும் ஒரு சிறப்பு உண்டு. அது விவசாயிகளின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாள். ஸ்பெயினில் மாட்ரிட் பக்கம் 900 வருடத்துக்கு முன் வாழ்ந்தவர். சொந்த நிலம் இல்லாத பண்ணையாள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்குத் தாமதமாக வருகிறார் என்று முதலாளியிடம் கோள் சொன்னார்களாம். முதலாளி ஒளிந்திருந்து பார்த்தபோது, இசிதோர் ஜெபித்துக்கொண்டிருக்க, வானதூதர்கள் ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தார்களாம். இவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1622 மார்ச் 12-ல். அதே நாளில், அதே மேடையில் பட்டம் பெற்ற மற்றவர்களில் இருவர் கோட்டாற்றின் சவேரியாரும், ஞானப்பூவின் பெயருக்கு மூலமான அவிலா தெரசாவும். சரியாக 400 ஆண்டு கழித்து, உழவர் புனிதரின் திருநாளன்று, ‘நாஞ்சில்’ என்றாலே ‘கலப்பை’ என்று பொருள் தரும் நாட்டின் மனிதருக்குப் பட்டம்.

நெல், ரப்பர், பசு

தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்கள்தான் பழைய நாஞ்சில் நாடு. ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவில் வரும்போது இருபுறமும் தெரிவது அதன் மிச்சம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடம் இரண்டு நெல் சாகுபடி. 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், பிறகு வந்த பெருஞ்சாணியும் கால்வாய்களும் ஆயிரக்கணக்கான குளங்களும் இதற்குத் தண்ணீர் தந்தன. திருவிதாங்கூருக்கே சோறு போட்ட பூமி என்று பெருமையாகச் சொல்வார்கள்.

இப்போது ரோட்டோரம் நின்று பாருங்கள். ஒரு வயலில் நெல், அடுத்ததில் வாழை, அதற்கடுத்ததில் தென்னங்கன்று, அதற்கும் அடுத்ததில் செம்மண் கொட்டி, கல் நட்டு, மனை விற்பனைப் பலகை. பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வயல் சாகிறது. நடுவில் ஒரு வயல் மேடானால் பக்கத்து வயலின் தண்ணீர் வடியாது. அவரும் நெல்லை விடுவார்.

நெல் போனால் வைக்கோல் போகிறது. வீட்டுக்குப் பின்னால் நின்ற படப்பு போகிறது. வைக்கோலை விலைக்கு வாங்கிப் பசுவுக்குப் போட்டுப் பாலுக்குக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. உழவுக்கு டிராக்டர் வந்ததுமே காளையும் எருமைக்கடாவும் தொழுவத்தை விட்டு இறங்கின. இப்போது பசுவும் இறங்குகிறது. ரப்பர் மரத்தடியில் மாட்டுக்கு ஒன்றும் முளைப்பதில்லை. மாடு இல்லாத வீட்டில் சாணம் இல்லை. தோட்டத்துக்கு உரம் மூட்டையில் வருகிறது.

யோபுவுக்கு ஒரே நாளில் நடந்தது. இங்கே முப்பது, நாற்பது வருடமாக மெல்ல நடக்கிறது. அதனால் ஓடி வந்து சொல்ல ஒரு வேலையாள்கூட இல்லை.

ஒரே நாளில் நடந்ததும் உண்டு. 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தின் முன் மற்ற இழப்புகளைப் பேச உள்நாட்டுக்காரர்களுக்கே வாய் வரவில்லை. ஆனால் அன்று மேற்கு வட்டாரங்களில் குலை தள்ளிய வாழைகள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. ரப்பர் மரங்கள் வேரோடு பெயர்ந்தன. வாழையை அடுத்த வருடம் வைத்துவிடலாம். ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஏறத்தாழ ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு வருடத்தில் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், கடன் எதுவும் காத்திருக்காது.

அப்படியும் மறுபடி நட்டார்கள். விடியும் முன்பே பால் வெட்டப் போகிறார்கள். ஞாயிறு பூசைக்கு வரும்போது முதல் வாழைக் குலை, முதல் தேங்காய், சேவல் என்று காணிக்கை கொண்டுவருகிறார்கள். பூசை முடிந்து முற்றத்தில் ஏலம் போடுவார்கள். சந்தையில் கிடைப்பதைவிடக் கூடுதல் விலைக்குத்தான் போகும். வாங்குகிறவருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே ஏற்றிக் கேட்பார். சண்டைக் கோழியா, கிழட்டுச் சேவலா என்ற கிண்டலோடு நடக்கும் அந்த ஏலத்தில், ஒரு ஊர் தன் விளைச்சலைத் தானே மதித்துக்கொள்கிறது.

யோபு கதையின் முடிவில் அவருக்கு எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்புகிறது. 1,000 ஏர் மாடுகள் கிடைக்கின்றன. தேவசகாயத்துக்கு அப்படி எதுவும் திரும்பவில்லை. வேலை போனது, ஊர் போனது, உயிர் போனது. இந்த மாவட்டத்து விவசாயிகள் கல்லறை முன் நின்று மாட்டுக்காகவும் மழைக்காகவும் வேண்டிக்கொள்ளும்போது, இரண்டு மடங்கு திரும்பும் என்று கேட்பதாகத் தெரியவில்லை. ‘நீ செய்த தப்புக்குக் கூலி இது’ என்று சொல்லாத ஒருவரிடம் கஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பல நேரம் மனிதருக்குத் தேவையானதும் அதுதானே.

போகிறவர்களுக்கு

காலையில் மார்த்தாண்டத்திலிருந்து நட்டாலம். பிறகு தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, புலியூர்க்குறிச்சி. மதியம் நாகர்கோவில். மாலையில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. திரும்பும்போது கோட்டாறு. பேருந்திலேயே சுற்றிவிடலாம். ஆட்டோவோ காரோ எடுத்தால் வடக்கன்குளத்தையும் சேர்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. காற்றாடிமலையில் பாறை வெயிலில் கொதிக்கும். குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்கள் மாலை நேரமே போங்கள்.

வழியில் மட்டி வாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். விரல் அளவுதான் இருக்கும், தேன்போல இனிக்கும். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ரோட்டோரக் கடையில் வாங்கும்போது, எந்தத் தோட்டத்துக் குலை என்று கேட்டுப் பாருங்கள். விலையைச் சொல்வதற்கு முன் தோட்டத்தின் கதையைச் சொல்வார்கள்.

ஜனவரி இரண்டாம் வாரம் போக முடிந்தால் இன்னும் நல்லது. கும்பப்பூ வயல் பொன்னாகத் தொடங்கியிருக்கும். மலைமேல் திருவிழா, கீழே பொங்கல் பானை. இன்னும் தொழுவத்தில் மாடு நிற்கிற வீடுகள் எவை என்று அந்த வாரத்தில் தெரியும். அந்த வீட்டு வாசல்களில்தான் கழுவி மஞ்சள் பூசிய மாடு கட்டியிருக்கும்.